மேட்டில் மட்டும் சூடு

ஜவ்வாது மலையில் வேலை என்றதும் "குடுத்து வச்சவன்" என்று பெருமூச்சு விடுகிறவர்கள், கார்த்திகை மாதத்தில் ஒருநாள் இங்கே வந்து பச்சைத் தண்ணீரில் பல் துலக்கிப் பார்க்க வேண்டும்.

பிரசவத்துக்குக் கலசப்பாக்கத்தில் தாய்வீட்டுக்குப் போன என் மனைவி, ஐந்தாம் மாதம் மகளோடு இங்கே ஜமுனாமரத்தூருக்கு வருவதாக ஏற்பாடு. ஐந்தாம் மாதம் கார்த்திகையில் விழுந்தது. அதை விட்டால் மார்கழி. மார்கழியில் பிள்ளையை அனுப்பும் வழக்கம் மாமியார் வீட்டில் இல்லை. அப்புறம் தைதான். வாரம் ஒருநாள் மட்டும் மகளைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, தை அடுத்த ஜென்மம் போலத் தெரிந்தது.

மாமியாருக்குக் குளிர்தான் கவலை. "பச்சக் கொழந்த மாப்ள, மலக்காத்து தாங்காது" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "நம்ம கார்ல ஹீட்டர் இருக்குதுங்க அத்த" என்று வாயை விட்டேன். கார் வாங்கியதிலிருந்து அந்தக் குமிழைத் தொட்டதுகூட இல்லை.

"அப்ப நான் மொதல்ல ஒக்காந்து பாக்கறேன்" என்று கிளம்பிவிட்டார். மலைப்பாதையில் ஏறும்போது ஹீட்டர் துவாரத்தில் காற்று இதமாகச் சுட்டது. "பரவால்லயே" என்றார். ஹீட்டரை நானே கண்டுபிடித்தது போல நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேடு முடிந்து சரிவில் இறங்கியதும் அதே துவாரத்திலிருந்து ஜில்லென்று அடித்தது. அடுத்த மேட்டில் மறுபடி சூடு. மாமியார் கையை அங்கிருந்து எடுக்கவே இல்லை.

"இன்னா மாப்ள இது, ஏறுனா சுடுது, எறங்குனா ஜில்லுன்னு அடிக்குது? மாத்தி மாத்தி அடிச்சா கொழந்தைக்கு ஜன்னி வந்துடும். இதுல அனுப்ப முடியாது."

சரி செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். உடனே ஊரெல்லாம் நிபுணர்கள் முளைத்தார்கள். அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர், கேஸ் குறைந்திருக்கும் என்றார். படித்தவன், அரசாங்க ஊழியன், ஞாயிற்றுக்கிழமை போய் ஏசிக்கு கேஸ் நிரப்பிக்கொண்டு வந்தேன். இன்ஜினில் ஓடும் சுடுதண்ணீர்தான் ஹீட்டருக்குச் சூடு தருகிறது, கேஸுக்கு அங்கே வேலையில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஏசி மட்டும் கார்த்திகைக் குளிரில் அமோகமாக வேலை செய்தது. அடுத்த ஞாயிறு, குமிழின் கேபிளில் கோளாறு என்று இன்னொருவர் சொல்ல, கிளட்ச் பக்கம் தலையை வைத்துக் காலை மேலே தூக்கிக்கொண்டு கிடந்தேன். அதற்கடுத்த ஞாயிறு, காற்று வரும் வழியில் செத்துக் கிடந்த பூச்சிகளை அள்ளினேன். மூன்று ஞாயிறும் மகளைப் பார்க்கப் போகவில்லை. எல்லாம் அவளுக்காகத்தானே!

கடைசியில் சந்தவாசல் மெக்கானிக்கிடம் போனேன். சூடு காட்டும் முள்ளைப் பார்த்தார், ஒரு சுற்று ஓட்டினார், குழாயைத் தொட்டார்.

"சார், அந்த வால்வு எங்க?"

"எந்த வால்வு?"

"சித்திரைல வண்டி கொதிக்குதுன்னு வந்தீங்களே. ரேடியேட்டர் அடச்சிருக்கு, கிளீன் பண்ணா போதும், வால்வு இருக்கட்டும்னு சொன்னேன். நம்ம வெயிலுக்கு அது எதுக்கு, கழட்டிப் போடுன்னு ஒத்தக் கால்ல நின்னீங்களே!"

இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் வால்வு அது. அது இல்லாததால், இன்ஜின் மேட்டில் மூச்சு வாங்கும்போது மட்டும் தண்ணீர் சுட்டது, சரிவில் ஆறிப்போனது.

வால்வு எங்கே என்று எனக்கு நன்றாகவே தெரியும். பார்க்கப் பித்தளைச் சாமான் மாதிரி அழகாக இருக்கிறதே என்று என் அலுவலக மேஜையில், காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்தேன். சித்திரையிலிருந்து தினமும் அதைக் கையில் எடுத்து எடுத்து வைத்தவன் நான்தான்.

கார்த்திகையின் கடைசி ஞாயிறு காலை, ரப்பர் ஸ்டாம்பு மையைத் துடைத்து மெக்கானிக் அதை மாட்டினார். மலையில் ஏறி இறங்கிப் பார்த்தோம். சரிவிலும் சுட்டது. ராஜா மாதிரி கலசப்பாக்கத்துக்குப் போய் இறங்கினேன்.

வாசலிலேயே மனைவி சொன்னாள்: "காலைல பாப்பா மொத தடவையா குப்புறக் கவுந்தா. தலயத் தூக்கி எல்லாரயும் பாத்து சிரிச்சா. நீங்க எங்க இருந்தீங்க?"

வால்வு மாட்டிக்கொண்டிருந்தேன் என்று எந்த அப்பன் சொல்வான்? நான் சொன்னேன்.

"ஹீட்டர் வேணும்னு நான் எப்பனா கேட்டனா? ஞாயித்துக்கெழம வந்து அவ பக்கத்துல ஒக்காந்திருந்தா போதாதா?"

சாமான்களை வண்டியில் ஏற்றுவதில் மும்முரமாக இருப்பது போல நடித்தேன்.

ஸ்வெட்டர், குல்லா, இரண்டு துண்டு, அதற்குள் என் மகள். மாமியாரும் துணைக்கு ஏறினார். மலை தொடங்கியதும் ஹீட்டரைப் போட்டேன். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் பிள்ளை முகம் சிவந்து வீறிட்டு அழுதது.

"இன்னா மாப்ள, அடுப்பாண்ட ஒக்கார வச்ச மாதிரி கீது. அத நிறுத்துங்க மொதல்ல."

நிறுத்தினேன். மகள் தூங்கிப் போனாள். ஜமுனாமரத்தூர் வரை அதை யாரும் போடச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலையிலிருந்து மகளின் பாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் மல்லாந்து படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அசையவில்லை. மதியம் வரை பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு எழுந்து போனேன்.

"கவுந்துட்டா!" என்று மனைவியின் குரல் கேட்டது.