மாசாணியம்மாள் கொண்டுவந்த லேபிள்கள்

மாசாணியம்மாளின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது நான்தான். அவர் என்னிடம் இங்கிலீஷ் படிக்க வந்ததே அந்த வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். ஆனால் நான் கேட்கிற ஆள் இல்லை, சந்தேகப்படுகிற ஆள்.

பெருந்துறையில் எங்கள் வீட்டு மாடியில் பதினோரு வருடமாக டியூஷன் எடுக்கிறேன். என் கிராமர் நோட்ஸை ஒருத்தி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய் அடுத்த தெருவிலேயே போர்டு மாட்டிவிட்டாள். அன்றிலிருந்து புதிதாக யார் படியேறினாலும் முதலில் அவர்கள் கையைத்தான் பார்ப்பேன். வீட்டுக்காரர் எனக்கு வைத்த பெயர் போலீஸ் டீச்சர்.

அப்பேர்ப்பட்ட என் முன்னால்தான் ஜூன் மாதத்தில் ஒரு சாயங்காலம் அந்த அம்மா வந்து நின்றார். வயது நாற்பத்தெட்டு, கையில் டிபன் பை. சிப்காட்டில் துணி வெளுத்துச் சாயம் போடும் ஒரு மில்லில், கெமிக்கல் குடோனில் வேலை. எட்டாவது வரை படித்தவர், இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசிப்பார். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கும் மகள் இளவேனில்தான் டியூஷனுக்குப் போகச் சொன்னாளாம்.

"ஏனுங்க டீச்சர், ரெண்டு பேரு சேந்து ஒரே பேரா வருமாமுங்க. காம்பவுண்ட் நவுன்னு எம்பட புள்ள சொன்னா. அதை மட்டும் சொல்லிக் குடுத்தாப் போதுமுங்க" என்றார்.

கிராமரில் எத்தனையோ பாடம் இருக்க, அது மட்டும் ஏன்? என்னிடம் இருப்பதிலேயே நல்ல நோட்ஸ் காம்பவுண்ட் நவுன் நோட்ஸ்தான். யாரோ அனுப்பி வந்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதும் என் கணக்கில் சேர்ந்திருந்தது. இல்லை என்றால் அது பொய். நம்மவர்களில் ஒருத்தி வந்து கேட்டிருந்தால் இந்த வயதில் எவ்வளவு ஆர்வம் பார் என்று மெச்சியிருப்பேன்.

என் பார்வையிலேயே இருக்கட்டும் என்று எதிரே, கதவோரம் உட்கார வைத்தேன். பிள்ளைகளோடு சேர்த்தே பாடம் நடத்தினேன். டூத்பிரஷ் ஒட்டி வரும், மதர்-இன்-லா நடுவில் கோடு போட்டு வரும், பஸ் ஸ்டாண்ட் தள்ளித் தள்ளி வரும். எப்படி வந்தாலும் கடைசியில் நிற்பதுதான் சாமான், முன்னால் நிற்பது அது எந்த மாதிரி சாமான் என்று சொல்லும். ஆயில் மில் என்றால் மில். மில் ஆயில் என்றால் எண்ணெய். பிள்ளைகள் ஆளுக்கொன்று செய்து காட்டினார்கள். மாசாணியம்மாள் மட்டும், முன்னால் இருப்பதைப் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டால் ஆபத்துங்களா என்று கேட்டார். கிராமரில் என்ன ஆபத்து? அந்தக் கேள்வியும் எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்தப் பாடத்துக்கு ஒரு வீட்டுவேலை வைத்திருக்கிறேன். கண்ணில் படும் பாக்கெட், டப்பாக்களின் லேபிளை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். பிள்ளைகள் வாஷிங் பவுடர், காபி பவுடர், தேங்காய் எண்ணெய்க் கவர்களோடு வந்தார்கள். மாசாணியம்மாள் கொண்டுவந்தவை கனமான பிளாஸ்டிக் தாளில் சிவப்பு எச்சரிக்கைப் படம் போட்ட பெரிய லேபிள்கள். எந்தச் சமையல்கட்டிலும் அப்படி ஒன்று இருக்காது. நான் பக்கத்தில் போனதும் நோட்டை மூடிக்கொண்டார். கையெழுத்து கோணலாக இருக்கிறது என்றார். வீட்டுவேலை கொடுத்தவளே நான்தான் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மில்லின் குடோன் இன்சார்ஜ் கிருபாசங்கர் என் சித்தி மகன். அன்றைக்கே அவனுக்கு போன் போட்டேன்.

"கிருபா, உங்க குடோன்ல இருந்து என்னமோ வெளிய வருது கண்ணு. அந்த மாசாணியம்மா பையை மில் கேட்டுல வெச்சுப் பாரு" என்றேன்.

பெரிய திருட்டைக் கண்டுபிடித்த திருப்தியில் அன்றைக்கு இரண்டு தோசை கூடவே சாப்பிட்டேன்.

மறுநாள் அவனே கூப்பிட்டான். குரல் சரியில்லை. ஷிப்ட் முடிந்து போகிற அத்தனை பேருக்கும் எதிரில் அந்த அம்மாவை நிறுத்தி, டிபன் பையைக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு டப்பா, ஒரு கண்ணாடி, ஒரு நோட்டு. திருட்டுக் கணக்கு எழுதியிருப்பார் என்று நினைத்து இவன் நோட்டைப் பிரித்திருக்கிறான்.

பழைய சாமான் கடைக்குப் போகிற காலி கேன்களிலிருந்து உரித்த லேபிள்கள் பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் கேனின் மூடியை வரைந்து, கலர் பென்சிலில் நிறமும் தீட்டியிருந்தது. அந்தக் குடோனில் யாரும் லேபிளைப் படிப்பதில்லை, மூடியின் நிறத்தைப் பார்த்துத்தான் கேனை எடுப்பார்கள். சிவப்பு மூடி என்றால் துணியை வெளுக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு. கருப்பு மூடி என்றால் வெளுத்த பிறகு அதை முறிக்கிற பெராக்சைடு கில்லர். மாசாணியம்மாளின் நோட்டில் இரண்டுக்குமே சிவப்பு மூடி. லேபிளில் பெராக்சைடு என்பதோடு படிப்பதை நிறுத்திக்கொண்டால் பின்னால் நிற்கும் கில்லர் தெரியாது, அவர் கேட்ட ஆபத்து அதுதான்.

கிருபா குடோனுக்கு ஓடியிருக்கிறான். புதிதாக வந்த லோடில் கில்லரும் சிவப்பு மூடி போட்டு வந்து, ஒன்பது கேன் வெளுப்பு வரிசையில் உட்கார்ந்திருந்தது. ஏற்கெனவே இரண்டு லாட் துணி வெளுக்காமல் மஞ்சளாகவே நின்றுபோனதன் காரணம் அப்போதுதான் புரிந்ததாம். இன்னொரு லாட் கெட்டால் கேன் எடுத்துக் கொடுக்கிற ஆள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று அவன் சொல்லி வைத்திருந்தான். கேன் எடுத்துக் கொடுக்கிற ஆள் மாசாணியம்மாள்.

அப்படியானால் அந்த அம்மாவுக்கு மாலை போட்டிருப்பாய் என்றேன். அவன் இழுத்தான். லோடைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது அவன். அதனால் அனுமதி இல்லாமல் லேபிள் உரித்ததற்கு அவருக்கு மெமோ கொடுத்திருக்கிறான், மூன்று நாளில் பதில் தர வேண்டும். என் வாழ்நாளில் சந்தேகப்பட வேண்டிய ஒரே ஆள் அவன்தான். அவனை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் ஆறு மணிக்கு வந்து கதவோரம் உட்கார்ந்தார். போன் போட்டது நான்தான் என்று மில் கேட்டிலேயே அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ரெண்டு மூடியும் ஒண்ணாட்டம் இருக்குதுன்னு இன்சார்ஜுகிட்ட ரெண்டு தடவை சொன்னேனுங்க, காதுலயே வாங்கலீங்க. திருடின்னு பையத் தொறந்தப்பறந்தான் படிச்சுப் பாத்தாருங்க" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். லேபிள் கொண்டுவரச் சொன்னது வீட்டுவேலைதான் என்று ஒரு லெட்டர் வேண்டும் என்றார். மில்லின் மேனேஜருக்கு இங்கிலீஷில், அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அவர் அதை மடித்துப் பையில் வைப்பார் என்று எதிர்பார்த்தேன். வைக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து, ஒவ்வொரு வார்த்தையாகக் கூட்டிப் படித்தார். ஹோம்வொர்க், நோட்புக், கிராமர் கிளாஸ். கடைசி வரி வரை போய்விட்டு மறுபடி மேலிருந்து ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பார்த்த மாதிரி அவர் என் எழுத்தைப் பார்த்தார்.

"போன் பண்ணுனது நீங்கதான்னு இதுல இல்லீங்களே" என்றார்.

லெட்டரை என் பக்கம் நகர்த்தி, பேனாவையும் எடுத்துக் கொடுத்தார். வாங்கி எழுதினேன். அந்த வரியையும் இரண்டு தடவை படித்த பிறகுதான் பையில் வைத்துக்கொண்டார்.