மஞ்சள் கல்லில் முதலாளி பெயர்

பெயர் வெட்டிய புது ஸ்டென்சில் தகடு வீட்டுக்கு வந்தால் பெயிண்டரின் மனைவிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தகடு வந்தால் எரிவாயுக் குழாய் மறுபடி கைமாறிவிட்டது என்று அர்த்தம். பூமிக்கடியில் ஊர் ஊராகப் போகிற குழாய் அது. போகிற வழியெல்லாம் நட்டிருக்கும் மஞ்சள் கற்களில் முதலாளி கம்பெனியின் பெயரை எழுதுவதுதான் பெயிண்டரின் பிழைப்பு. கம்பெனி குழாயை விற்றால் அவருக்கு வேலை, சந்தோஷப்பட வேண்டியதுதானே என்பீர்கள். அந்தப் பாழாய்ப்போன குழாய் அவர் வீட்டுக்குப் பின்னாலும் போகிறதே!

மனைவி துணி தைப்பவள். தையல் மெஷின் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. துணியில் சமையல் வாசம் அடிக்கிறதென்று வாங்க வருகிறவர்கள் முகம் சுளித்தார்கள். பின்பக்கம் ஒரு அறை கட்டித் தருவதாகப் பெயிண்டர் வாக்குக் கொடுத்திருந்தார். குழாய் ஓரம் செங்கல் வைக்க முதலாளியின் தடையில்லாச் சான்றிதழ் வேண்டும். மனு போட்டு, செருப்புத் தேய நடந்து, கையெழுத்தாகப் போகிற நேரம் பார்த்துக் குழாயை விற்றுத் தொலைப்பார்கள். புது ஆபீசில், "முதல்லேர்ந்து எழுதிக் குடுங்க" என்பார்கள். மூன்று தடவை இந்தக் கூத்து நடந்தது.

இந்தத் தடவை சான்றிதழ் வந்தேவிட்டது. கொத்தனாரிடம் பேசி முடித்த மறுநாள் தகடும் வந்தது.

"மறுபடியுமா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மனைவி. "கொத்தனாருக்கு என்னங்க பதில் சொல்றது?"

"வரச் சொல்லு. நான் எழுதினாத்தானே முதலாளி மாறினான்னு அர்த்தம்? நம்ம வீட்டுக் கல்லைக் கடைசியா எழுதிக்கறேன்."

அசட்டுத்தனம்தான். ஆனால் காலமெல்லாம் பெயர் எழுதிய மனிதருக்கு அப்படித் தோன்றியதில் அதிசயமில்லை. குழாயின் மறுகோடியில் ஆரம்பித்து ஆடி அசைந்து எழுதிக்கொண்டு வந்தார். வீட்டில் சுவர் எழும்பியது.

கூரை மட்டும் பாக்கி என்கிற நிலையில் குழாயைக் கண்காணிக்கிற சூப்பர்வைசர் பைக்கில் வந்து இறங்கினார். பெயிண்டர் சான்றிதழை நீட்டினார். காகிதத்திலும் பழைய பெயர், கல்லிலும் பழைய பெயர்.

சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். "இவங்க வித்து ரொம்ப நாளாச்சுப்பா. தகடுதான் லேட்டா வந்துச்சு. இதுல கையெழுத்துப் போட்டப்பவே குழாய் இவங்களோடது இல்ல. இடிச்சிரு."

பெயிண்டருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப யாரோடது சார்? நான் எழுதிட்டு வர்ற கம்பெனியோடதா?"

"அதுல பாதியை இன்னொருத்தர் வாங்கிட்டாராம். கோர்ட்ல இருக்கு. யாருன்னு எனக்கே தெரியாது."

கழுத்தில் டேப்போடு உள்ளேயிருந்து வந்தாள் மனைவி. "இடிக்கச் சொல்லி முதலாளி கையெழுத்துப் போட்ட லெட்டர் கொண்டு வாங்க சார். நாங்க அலைஞ்ச மாதிரி நீங்களும் கொஞ்சம் அலைங்க."

சூப்பர்வைசர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

சுவர் தப்பித்தது. ஆனால் கோர்ட் என்று காதில் விழுந்ததும் கொத்தனார், கூரை போட மாட்டேன் என்று கையை விரித்துவிட்டார். மனைவி வீம்புக்கு மெஷினைக் கூரையில்லாத அறையில் கொண்டுபோய்ப் போட்டாள். மழை தூறினால் இருவரும் ஓடிப்போய் அதைச் சமையலறைக்குத் தூக்கி வருகிறார்கள். மனைவி தன் பாட்டுக்கு, "கட்டையில போறவன்" என்று பொதுவாகத் திட்டி ஆறிவிடுகிறாள். பெயிண்டருக்குத்தான் ஆறவில்லை. இத்தனை கல்லில் எழுதியவருக்குத் திட்டுவதற்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை.