சாமத்திய வீட்டில் போட்ட ராப் பாட்டு

எங்கள் ஆட்களுக்குச் சகுனம் என்றால் உயிர். கிளிநொச்சியில் தம்பியின் மகள் வயதுக்கு வந்ததற்குச் சாமத்திய வீடு. மண்டப வாசலில் யாரோ தும்மிவிட்டதற்காக, பட்டுச் சேலையோடு பிள்ளையைத் திரும்பவும் காருக்குள் இருத்தி வேர்க்க வைத்தார்கள். கணவரை இழந்த சின்னம்மாவை, பிள்ளை கண்ணில் படாமல், பின்வரிசைக் கதிரைக்கு அனுப்பினார்கள். பிள்ளையின் காதில் கெட்ட சொல் எதுவும் விழக்கூடாதாம்.

பிறகு, பிள்ளையை அழைத்துவரப் பாட்டுப் போட்டார்கள். ராப். பாடுகிறவன் ஒருத்தியைத் தன்னோடு வரச்சொல்லிக் கேட்கிறான். அவள் மாட்டேன் என்கிறாள். தலைமயிரில் பிடித்து இழுத்துப் போவேன், கதவைப் பூட்டுவேன், கத்தினாலும் விடமாட்டேன் என்று அவன் தாளம் தப்பாமல் விளக்குகிறான். இதைவிட மங்களமான வாழ்த்து எங்கே கிடைக்கும். எங்கள் பெரியப்பா கூடத் தோளை ஆட்டினார்.

பிள்ளை அசையவில்லை. மாமி என்ற முறையில் கைபிடித்து நின்றது நான்.

"மாமி, ரியூசன் கிளாஸ் வாசல்ல ஒருத்தன் இதைத்தான் என்னைப் பாத்துப் பாடுறவன். இதுக்கு நான் நடக்கமாட்டன்," என்றாள்.

தம்பியிடம் சொன்னேன். "அக்கா, உது வெறும் பாட்டு. ஆர் வரியைக் கேக்கினம்? மியூசிக்கைத்தானே கேக்கினம்," என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த ஆட்டோவில் ஏறினாலும் அந்தப் பாட்டுத்தான் என்பதால் எனக்கு மனப்பாடம். பாட்டை நிறுத்துவித்து, மைக்கை வாங்கி, அதே வரிகளைச் செய்தி வாசிப்பதுபோலச் சொன்னேன். பெரியப்பா எழும்பினார். வெட்கப்பட்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

"எடி பிள்ளை, நல்ல காரியத்தில பொம்பிளை வாயால சொல்லுற கதையோ உது? ஆராவது மைக்கை வாங்குங்கோ," என்றார்.

ஆனாலும் பாட்டு நின்றது நின்றதுதான். பிள்ளை பாட்டே இல்லாமல் நிமிர்ந்து நடந்து வந்தாள். எந்தச் சாமத்திய வீட்டிலும் நான் அவ்வளவு சந்தோசப்பட்டதில்லை.

அடுத்த மாதம் வீடியோ வந்தது. தம்பி வீட்டில் எல்லோரும் கூடியிருந்து பார்த்தோம். பிள்ளை நிமிர்ந்து நடந்து வருகிறாள். அந்த இடம் சத்தமில்லாமல் வெறுமையாகக் கிடக்கிறதே என்று, வீடியோக்காரர் தானாகவே அதே பாட்டைச் சேர்த்துவிட்டிருந்தார். கனடாவுக்கும் லண்டனுக்கும் ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது. நல்ல வேலை என்று பெரியப்பா மெச்சினார்.

பிள்ளை என் பக்கம் திரும்பினாள்.

"மாமி, நான் மாட்டனெண்டு சொன்னது இதில எங்க?"