முத்துமாரியின் ஆன்டெனாவும் சுயம்புவின் கறுப்பு டப்பாவும்

ஆன்டெனா டிசைன் செய்கிற வேலை என்று முத்துமாரி சொன்னால், ஆண்டாப் ஹில்லில் அவள் குடியிருக்கும் பில்டிங்கில் யாரும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை. நேரே மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய் டிஷ்ஷைக் காட்டிவிடுவார்கள். அவளும் அதை இப்படி அப்படித் திருப்பி வைத்துவிட்டு இறங்குவாள். "நான் பண்ற ஆன்டெனா துவரம்பருப்பு சைஸ்தான் இருக்கும்" என்று ஒருமுறை சொன்னதற்கு, கீழ்வீட்டு விஜயராணி, "அதுல எத்தன சேனல் வரும்?" என்று கேட்டாள். அன்றோடு முத்துமாரி விளக்குவதை விட்டுவிட்டாள்.

பிறந்தது தாராவி. அப்பா நாங்குநேரிப் பக்கமிருந்து வந்து தோல் கிடங்கில் மூட்டை தூக்கியவர். பாலிடெக்னிக் முடித்து, பிறகு வேலை பார்த்துக்கொண்டே டிகிரியும் படித்தாள். கடைசி வருஷம் மைக்ரோவேவ் பாடத்தைப் பார்த்து வகுப்பே ஓடியது. இவள் மட்டும் அதை எடுத்தாள், காரணம் அந்த லேபில் ஏசி இருந்தது. ஏசிக்காகப் போனவள் அங்கேயே தங்கிப்போனாள். கம்பியில்லை, கம்பமில்லை. ஒரு தகட்டின் மேல் செம்பைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி விட்டால் அது பேசுகிறது, கேட்கிறது. பேட்ச் ஆன்டெனா என்று பெயர். அவளுக்கு அது பிடித்துப்போனது.

செம்பூரில் அவள் சேர்ந்த கம்பெனி சின்னது. முதலாளி மாட்டுங்கா வேங்கடசுப்ரமணியன், எல்லோருக்கும் வெங்கட் சார். மழைக்காலத்தில் நாலாவில், அதாவது ஊர்ச் சாக்கடைக் கால்வாயில், தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாலத்துக்கு அடியில் தொங்கிக்கொண்டே அளந்து போனுக்குச் சொல்கிற ரேடார் ஒன்றை அவர் செய்ய நினைத்தார். அதன் கண்ணும் காதும் முத்துமாரியின் சதுரங்கள். எலக்ட்ரானிக்ஸ் தயாரானதும் டப்பா வேண்டியிருந்தது.

"எங்க அத்தான் இருக்கார் சார்" என்று முத்துமாரியே வாய் விட்டாள்.

அத்தான் என்பது அவள் கணவன் மகேஷ்குமாரின் அண்ணன் சுயம்பு. தாராவியில் நாலாவை ஒட்டி பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை வைத்திருப்பவர். பழைய பக்கெட்டு, உடைந்த பைப்பு, டிவி கூடு எல்லாவற்றையும் அரைத்து உருக்கி, பல நிறமும் கலந்த, மால் என்று அவர் சொல்லும் அந்தச் சரக்கில் கரியைக் கொட்டி ஒரே கறுப்பாக்கி, டப்பா டப்பாவாக அடித்துத் தள்ளுவார். ரேடாருக்கு அவர் செய்து கொடுத்த டப்பா பளபளவென்று இருந்தது. "கார் பார்ட்ஸ் மாதிரி இருக்கே" என்று வெங்கட் சார் தடவிப் பார்த்தார்.

தாராவி நாலாவின் பாலத்தில் கொண்டுபோய் மாட்டினார்கள். ரேடாருக்குத் தண்ணீர் தெரியவில்லை. கையை நீட்டினால் தெரிந்தது, அவ்வளவுதான்.

"ஆபீஸ்ல எல்லாரும் ஆன்டெனாதான் வீக்குங்கறா" என்றார் வெங்கட் சார், வருத்தமாக. "பேப்பர்ல நன்னாத்தான் இருந்தது."

முத்துமாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. அவள் போர்டைப் பிரித்து, சிக்னல் எங்கெல்லாம் தொலைகிறது என்று ஒவ்வொரு இடமாகத் தேட ஆரம்பித்தாள். சதுரங்களுக்குச் சிக்னலைக் கொண்டுபோகிற மெல்லிய செம்புப் பாதைகள் தேவைக்கு மேல் சுற்றிக்கொண்டு போயின. குறுக்கு வழி போட்டாள். சாதாரண பச்சை போர்டு சிக்னலைக் குடித்துச் சூடாகிவிடும். அதை விட்டு, தோசைக்கல்லில் பூசுகிற டெஃப்லான் ஜாதியில் வெள்ளைத் தகடு வரவழைத்தாள். இவ்வளவு வேகமாகத் துடிக்கும்போது மின்சாரம் செம்பின் தோலில் மட்டுமே ஓடும், அது சொரசொரப்பாக இருந்தால் மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கிக் களைத்துப்போகும். அதனால் வழவழப்பான செம்பாகக் கேட்டு வாங்கினாள். சதுரங்களின் மேல் அழகுக்குப் பூசியிருந்த பச்சைப் பூச்சையும் வேண்டாமென்றாள். ஒவ்வொன்றிலும் சிக்னல் கொஞ்சம் கொஞ்சம் மிஞ்சியது. ஆபீஸ் மேஜையில் திறந்து வைத்து அளந்தபோது, தெருக்கோடி வரை தெரிந்தது.

டப்பாவில் போட்டு பாலத்தில் மாட்டினார்கள். முன்னைக்கு ஒரு முழம் கூடுதலாகத் தெரிந்தது. முத்துமாரி அன்று மதியம் சாப்பிடவில்லை.

அடுத்த முறை பாலத்துக்குப் போனபோது மூடியின் ஸ்க்ரூ ஒன்று வழுக்கிப் போய் மாட்ட மாட்டேன் என்றது. சரியென்று போர்டை வெறுங்கையில் பிடித்துக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டினாள். லேப்டாப்பில் தண்ணீரின் ஆழம் சட்டென்று வந்து நின்றது. கறுப்பு மூடியை அதன் முன்னால் வைத்தாள், போய்விட்டது. எடுத்தாள், வந்தது. மறுபடி வைத்தாள், போய்விட்டது.

கரி. சிக்னல் போகும்போது ஒரு வாய், திரும்பி வரும்போது ஒரு வாய் என்று இரண்டு தடவை தின்றிருக்கிறது. தன் ஆன்டெனா குற்றவாளியில்லை என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. குற்றவாளி யார் என்று அடுத்த நிமிஷம் உறைத்தது.

"அண்ணன்கிட்ட நீயே சொல்லு" என்றான் மகேஷ்குமார். "நான் கணபதி பண்டிகை வரைக்கும் அந்தக் கல்லிச் சந்துப் பக்கமே போக மாட்டேன்."

சுயம்பு அவள் சொன்னதைக் கேட்டதும் மெஷினையே நிறுத்திவிட்டார்.

"என்ன மாரி சொல்லுதே? என் டப்பாவுல பொட்டுத் தண்ணி போவாது."

"தண்ணி போவாண்டாம் அத்தான். ரேடியோ போவணும்."

"பளபளன்னு இருக்குன்னு உங்க மொதலாளி சேட்டு சொல்லலியா?"

"சொன்னாரு. நான் கொற சொல்ல வரல, ஒண்ணு காட்டுதேன், பாருங்க."

ரேடாரைப் பட்டறை மேஜையில் வைத்து, எதிர்ச் சுவரில் ஒரு எவர்சில்வர் தட்டைத் தொங்கவிட்டாள். தட்டு தெரிந்தால் லேப்டாப்பில் ஒரு பச்சைக் கோடு உயரும். நடுவில் அவருடைய கறுப்பு மூடியைப் பிடித்ததும் கோடு படுத்துக்கொண்டது. அவருடைய மதியச் சாப்பாட்டு டப்பாவின் வெள்ளை மூடியைப் பிடித்தாள். கோடு அசையவே இல்லை.

சுயம்பு கறுப்பு மூடியை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஒரு ஈரத் துண்டைக் கொண்டுவந்து நடுவில் பிடித்தார். கோடு விழுந்தது. அட்டைப் பெட்டியைப் பிடித்தார், நிமிர்ந்தே நின்றது. அவருக்கு முகம் மலர ஆரம்பித்தது. பக்கத்துக் கடையிலிருந்து அப்பளக் கட்டு வாங்கிவரச் சொன்னார். அப்பளம் பாஸ். எதிர்ப் பட்டறை கரீம் பாட்சா தன் தோல் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஹமாரா பி தேக்கோ, நம்மளுதையும் பாருங்க" என்றார். கோடு பாதியில் நின்றதும், "அசல் மால், அதான்" என்று பெருமையோடு எடுத்துக்கொண்டு போனார். சுயம்பு கடைசியில் தன் உள்ளங்கையையே நீட்டினார். கோடு காணாமல் போனது.

"கையில என்ன கரியா இருக்கு?"

"தண்ணி அத்தான். ஒடம்புல முக்காவாசி தண்ணிதானே."

"டாக்டர் ஒடம்பு பூரா உப்புங்கான், நீ தண்ணிங்கே" என்றார் சுயம்பு. "சரி, என்ன மால் வேணும்? சொல்லு."

கலப்பில்லாத புது வெள்ளை தானா, அதாவது பிளாஸ்டிக் குருணை, வேண்டும் என்றாள். அவர் ஒப்புக்கொண்டார். சதுரங்களுக்கு முன்னால் வருகிற முகம் மட்டும் நாலு மில்லி கனத்துக்குச் சற்றுக் கூட இருக்க வேண்டும் என்றாள். அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை.

"மெல்லிசா இருந்தாத்தானே லேசாப் போவும்? நீ செவுரு கேக்குதே."

பிளாஸ்டிக்கின் முன்பக்கத்தில் மோதித் திரும்புவதும் பின்பக்கத்தில் மோதித் திரும்புவதும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள அந்தக் கனம்தான் சரி என்று அவள் படம் போட்டுக் காட்டினாள். அவர் படத்தைத் தலைகீழாகவும் பார்த்துவிட்டுச் செய்தார். கனமான இடம் ஆறும்போது உள்வாங்கிக் கன்னக்குழி விழுந்தது. திரும்பச் செய்தார். மறுபடி குழி. அச்சை மெதுவாக ஆறவிட்டு, அழுத்தத்தைக் கூட்டி, பட்டறை முழுக்க வெள்ளை டப்பாக்கள் குவிந்தபிறகு ஒன்று குழியில்லாமல் வந்தது. அதன் முகத்தில் 'சுயம்பு பிளாஸ்டிக்ஸ்' என்று புடைப்பெழுத்து இருந்தது.

"அத்தான், எழுத்து இங்க வரக் கூடாது. கனம் மாறிரும்."

"பின்ன எங்க வரும்?"

"முதுகுல."

"முதுகு பாலத்தப் பாத்துல்லா இருக்கும். யாரு படிப்பா?"

பெரிய பேச்சுவார்த்தை நடந்தது. பக்கவாட்டில் என்று முடிவானது.

அந்த டப்பாவோடு மாட்டியபோது, கோடையில் நாலாவின் அடியில் கிடந்த கொஞ்சத் தண்ணீர்கூட, மேலே மிதந்த நுரையையும் மீறித் தெரிந்தது. இழப்பைத் தேடித் தேடி அவள் மிச்சம் பிடித்ததெல்லாம் இப்போது உபயோகப்பட்டது. வெங்கட் சார் ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். ஆன்டெனாவைக் குறை சொன்னவர்கள் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார்கள்.

ஜூலையில் ஒரு காலை, மழை ஓயாமல் பெய்தது. சயான் பக்கம் ரயில் நின்றுவிட்டதால் முத்துமாரி வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். லேப்டாப்பில் நாலாவின் தண்ணீர் மட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. சுயம்புவுக்குப் போன் போட்டாள்.

"அத்தான், தண்ணி சீக்கிரமா ஏறுது. தானா சாக்கெல்லாம் மேல ஏத்திருங்க."

"வாசல்ல ஒண்ணும் இல்லியே?"

"இப்ப இல்ல. வரும்."

சுயம்பு ஏற்றினார். கரீம் பாட்சாவையும் ஏற்றச் சொன்னார். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்தபோது, இரண்டு பட்டறையிலும் ஒரு சாக்குகூட நனையவில்லை.

மழை வெறித்ததும் முத்துமாரி வீட்டுக்கு வந்த சுயம்பு, விஜயராணி உட்பட அங்கே கூடியிருந்த எல்லோரிடமும் கதையைச் சொன்னார். "எங்க டப்பா முன்னாலயே சொல்லிட்டு" என்றார். ஆன்டெனா என்ற வார்த்தை அவர் வாயில் வரவே இல்லை.

மகேஷ்குமார் மனைவியைப் பார்த்தான். "நீ ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னா மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போவாங்க" என்று சொல்லிவிட்டு, முத்துமாரி எல்லோருக்கும் சாய் போட எழுந்தாள்.