துடக்கோடு போன ஞாயிறு

தம்பி யாழ்ப்பாணத்தில் செத்துப் பத்தாம் நாள், வேலையிடத்துச் சமையலறைச் சுவரில் அந்தத் தாளைக் கண்டேன். டென்மார்க்கில், ஒடென்சே நகரத்து முதியோர் இல்லமொன்றில் எனக்குச் சமையல் வேலை. ஒட்டியவர் என்னோடு வேலை செய்யும் டெனிஷ்காரி. அவர் போகும் சபையில் வரப்போகும் ஞாயிறு ஆராதனைகள் அதில் வரிசையாக இருந்தன. ஒரு ஞாயிறு முழுக்க மௌனம். அடுத்தது மரங்களுக்கு நன்றி. மூன்றாவது, இறந்தவர்களை நினைக்கும் நாள். எந்தச் சமயத்தவரும் வரலாம், கடவுளை நம்பாதவர்களும் வரலாம் என்று அடியில் போட்டிருந்தது. இதென்ன கூத்து என்று சிரித்தேன். கடவுளே கட்டாயமில்லை என்றால் பிறகேன் மனிசர் விடுமுறை நாளில் குளித்து வெளிக்கிட வேண்டும்?

ஆனால் அந்த மூன்றாவது ஞாயிறு மனதைவிட்டுப் போகவில்லை. சாவு நடந்தால் எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. அதுவரை கோயில் வாசலை மிதிக்கக்கூடாது. தம்பியின் தகனத்தைக் கைப்பேசியில் பார்த்தேன். இங்கே எங்கள் வீட்டுக்கு இரண்டு குடும்பங்கள் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போயின. அடுத்த நாள் வேலைக்கு வந்து உருளைக்கிழங்கு உரித்தேன்.

அவன் ஒவ்வொரு ஞாயிறும் அங்கிருந்து எனக்குப் போன் எடுப்பான். மழை பெய்யாதது முதல் பக்கத்து வீட்டு நாய் வரைக்கும் ஒரு மணித்தியாலம் அலட்டுவான். கடைசி ஞாயிறு அவன் பெயரைக் கண்டதும், இவனோடு இன்றைக்கு ஏலாது என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். புதன்கிழமை நெஞ்சுவலி. ஆள் முடிந்துவிட்டான். இதை மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. எங்கேயாவது ஒரு விளக்குக் கொளுத்தி அவனிடம் மன்னிப்புக் கேட்காவிட்டால் எனக்கு நித்திரை வராது என்று தெரிந்தது.

நானும் வரலாமா என்று டெனிஷ்காரியிடம் கேட்டேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். பெரிய நேர்மைக்காரன் மாதிரி, எங்கள் வீடு முப்பத்தொரு நாள் அசுத்தம், நான் உள்ளே வந்தால் அது உங்களையும் பிடிக்கும் என்று எனக்குத் தெரிந்த டெனிஷில் சொன்னேன். அவர் இரண்டடி பின்னுக்குப் போய், "டொக்டரிடம் காட்டினீர்களா?" என்று கேட்டார், கையுறையை மாட்டிக்கொண்டே. அட கடவுளே! இது நோயில்லை, செத்தவீடு என்று விளங்கப்படுத்தி முடிக்க ஒரு பானை சூப் கொதித்து முடிந்தது.

அந்த ஞாயிறு துடக்கின் இருபத்தாறாம் நாள். மழை என்பதால் மகள் காரில் கொண்டுவந்து விட்டாள். இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் டெனிஷில்தான் பதில் வரும்.

"நீ போ பிள்ளை, நான் பஸ்ஸில வாறன்" என்றேன். கேட்டால்தானே! பின்னாலேயே வந்தாள்.

ஒரு பழைய பாடசாலை மண்டபம். சிலை இல்லை, மணி இல்லை, கோப்பி வாசம் மட்டும். முப்பது பேர் இருப்பார்கள். நான் ஜக்கெட் கொழுவும் இடத்திலேயே நின்றுவிட்டேன். ஆராதனையை நடத்தும் அம்மா வந்து காரணம் கேட்டார். இந்த முறை கவனமாகச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"சாவு நடந்த வீட்டுக்காரருக்காகத்தான் இன்றைக்குக் கதவைத் திறந்திருக்கிறோம். நீங்களே வெளியில் நின்றால் நாங்கள் உள்ளே யாருடன் இருப்பது?" என்றார்.

சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பார்த்தால் மற்ற எல்லாரும் சப்பாத்தோடுதான் இருக்கிறார்கள். மகளுக்கு மானம் போயிருக்கும் என்று திரும்பினேன். அவளும் கழற்றிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

ஒவ்வொருவராகப் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்தலாம். விரும்பினால், விரும்பிய மொழியில் இரண்டு வார்த்தை சொல்லலாம். ஒரு முதியவர் செத்துப்போன தன் நாயைப் பற்றிச் சொன்னார். வேறு நாளென்றால் சிரித்திருப்பேன். என் முறை வந்தது. டெனிஷில் இரண்டு வசனம் பாடமாக்கி வைத்திருந்தேன். திரி பற்றியதும் இரண்டும் பறந்துவிட்டன.

"டேய் தம்பி," என்றேன். "நீ போன் எடுக்கேக்க நான் பக்கத்திலதான் இருந்தனான். அலட்டப்போறாய் எண்டு வேணுமெண்டுதான் எடுக்கேல்லை. என்னை மன்னிச்சுக்கொள்ளடா."

ஒருத்தருக்கும் விளங்காது என்ற தைரியத்தில், செத்தவீட்டில் அழுவது போலவே வாய்விட்டு அழுதேன். இருபத்தாறு நாளில் அதுதான் முதல் அழுகை.

கதிரையில் வந்து இருந்த பிறகுதான் மகளின் நினைவு வந்தது. அவள் முகம் வெளிறியிருந்தது. தகப்பன் இப்படிப்பட்ட ஆள் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டதே என்று எனக்குக் கூசியது. அவள் என் கையைப் பிடித்தாள்.

"அப்பா," என்றாள், தமிழில். "நீங்கள் எடுக்கேல்லை எண்டு சித்தப்பா பிறகு எனக்குப் போன் எடுத்தவர். நானும் எடுக்கேல்லை."