பூட்டு சொன்ன பெயர்

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசி மாதம். மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய அபார்ட்மெண்டின் இரண்டாவது மாடியில் நானும் அம்மாவும் குடியிருந்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம்.

எனக்குப் புதுக் கருவிகள் என்றால் பைத்தியம். சந்தைக்கு வருவதற்கு முன்பே அது என்ன செய்யும், எப்போது கிடைக்கும் என்று படித்து வைத்திருப்பேன். சொன்னால் அணைகிற விளக்கு, தானாக வீடு பெருக்கும் ரோபோ எல்லாம் வாங்கியாயிற்று. ரோபோ மூன்றாம் நாளே அம்மாவின் புடவைத் தலைப்பை விழுங்கிவிட்டு நின்றது. அம்மா அதை இழுத்தெடுத்து ஓரம் தைத்துக்கொண்டாள். நான் ஆசையாகச் செய்கிற எதையும் அவள் குறை சொல்லமாட்டாள்.

அந்த வருடம் வாசல் கதவுக்குச் சாவியில்லாத பூட்டு மாட்டினேன். யார் திறந்தாலும் பெயரும் நேரமும் என் போனில் பதிவாகும். எனக்கும் அம்மாவுக்கும் விரல் ரேகை. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு மட்டும் ஆறு இலக்க எண். அவருடைய ரேகையை ஏன் பதியவில்லை என்று கேட்டால், தோன்றவில்லை என்றுதான் அன்று சொல்லியிருப்பேன். சில வீடுகளில் வேலைக்கு வருபவர்களுக்குத் தனி டம்ளர் வைப்பார்களே, அந்தப் புத்திதான் என்று பிறகு புரிந்தது.

அக்கா எங்கள் வீட்டுக்குப் பதினோரு வருடமாக வந்துகொண்டிருந்தார். சைதாப்பேட்டையில் ஆற்றோரம் இருந்தவரை நடந்தே வந்துவிடுவார். அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே குடியேற்றிய பிறகு இரண்டு பஸ் மாறி வந்தார். எங்கள் அபார்ட்மெண்டில் மட்டும் நாலு வீட்டு வேலை, அதை விட முடியாது. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார்.

ஐப்பசியில் வெளிநாட்டு நண்பர் மூலமாக ஒரு கண்ணாடி வரவழைத்தேன். பார்க்கச் சாதாரண மூக்குக்கண்ணாடிதான். ஆனால் எதிரே இருக்கும் எழுத்தைப் படித்து மொழிபெயர்த்துக் காதில் சொல்லும். இரண்டு நாள் அதைப் போட்டுக்கொண்டு பாண்டி பஜாரில் அலைந்தேன். மூன்றாம் நாள் அம்மா ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக மதுரை கிளம்பினாள். பகல் ஒரு மணிக்கே புறப்படுவதாகச் சொல்லியிருந்தாள். நான் காலையில் கண்ணாடியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு ஆபீஸ் போனேன். மாலையில் வந்து பார்த்தால் காணோம்.

போனை எடுத்துப் பார்த்தேன். ஒன்று இருபதுக்கு அக்காவின் எண் கதவைத் திறந்திருக்கிறது. அவர் காலையிலேயே வேலை முடித்துப் போய்விடுவார். பழைய பதிவுகளைப் புரட்டினேன். மாதக்கணக்கில், வாரத்தில் நாலைந்து நாள், மத்தியானமும் சாயங்காலமும் அதே எண். அம்மாவும் கடைக்கோ கோயிலுக்கோ போயிருக்கும் நேரம் பார்த்து வந்து போயிருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஆத்திரம்கூட வரவில்லை. நிதானமாக உட்கார்ந்துதான் செய்தேன். மறுநாள் காலை அக்கா வந்ததும் கண்ணாடி எங்கே என்று கேட்டுப் போனை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். முகம் மாறியது. ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

"நான் எடுக்கல தம்பி. அம்மா வரட்டும், அவுங்களாண்ட கேட்டுக்க" என்றார்.

அம்மாவுக்கு இரக்க சுபாவம், அதனால் அவளிடம் அழுது தப்பிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். இனி வரவேண்டாம் என்றேன். அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பதிவைப் படமெடுத்துப் போட்டு, எல்லாரும் ஜாக்கிரதையாக இருங்கள் என்று எழுதினேன். மதியத்துக்குள் மற்ற மூன்று வீடுகளும் அவரை நிறுத்திவிட்டன. கல்யாண வீட்டில் எதற்குக் கலவரம் என்று அம்மாவிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

நாலாம் நாள் அம்மா திரும்பினாள். அக்கா எங்கே என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் போய்த் தன் பீரோவைத் திறந்து கண்ணாடியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

அன்று பாதி வழியில் மாத்திரை டப்பாவை மறந்தது ஞாபகம் வந்து, ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறாள். விலை அதிகமான சாமான் மேஜையில் கிடக்கிறதே என்று பீரோவில் வைத்துப் பூட்டினாள். ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் என்னிடம் சொல்ல மறந்துபோனாள்.

"அப்போ உன் ரேகை ஏன் பதியல?" என்று கேட்டேன்.

அம்மா கையை விரித்துக் காட்டினாள். நாற்பது வருடமாகப் புளியிலும் சோப்பிலும் ஊறித் தேய்ந்த விரல்கள். பத்துத் தடவை வைத்தால் ஒரு தடவை திறக்குமாம். பூட்டு மாட்டிய வாரமே வெளியே மாட்டிக்கொண்டு நின்றவளுக்கு அக்காதான் தன் எண்ணைக் கொடுத்திருக்கிறார்.

"நீ அவ்வளவு சந்தோஷமா மாட்டினே. சொன்னா நீ மனசு கஷ்டப்படுவேன்னு, உன்கிட்ட சொல்லாதேன்னு நாந்தாம்பா அவகிட்ட கேட்டுக்கிட்டேன்" என்று சொல்லி அழுதாள்.

அன்றே இருவரும் அக்காவின் வீட்டைத் தேடிப் போனோம். எட்டாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. அம்மா நின்று நின்று ஏறினாள். அக்கா அம்மாவுக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"மிசினு சொன்னத ஒடனே கேட்டுக்கினீங்க சார். நான் பதினோரு வருசமா வந்துகினு இருந்தேன்" என்றார். திரும்ப வரச் சொல்லி அம்மா எவ்வளவோ கெஞ்சியும் ஒத்துக்கொள்ளவில்லை.

குழுவில் நடந்ததை முழுவதும் எழுதி என் தப்பை ஒத்துக்கொண்டேன். பதினாலு பேர் கட்டைவிரல் படம் போட்டார்கள். ஒரு வீடும் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. எதற்கும் அவர் வராமலே இருக்கட்டும் என்று அபார்ட்மெண்ட் செக்ரட்டரி மட்டும் தனியாக எனக்கு எழுதினார்.

அந்தக் காலையில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அக்கா தப்பித்திருப்பார். என் அம்மாவுக்குக் கொடுத்த வார்த்தைக்காக அதைச் சொல்லாமல் நின்ற மனுஷியைத்தான் நான் திருடி என்றேன் என்ற நினைப்பு, இன்றைக்கும் வாசல் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் என்னை அங்கேயே கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிடுகிறது.