தவமணி சொல்லாமல் விட்ட வார்த்தை

சூலக்கரையில் கலெக்டர் அலுவலகத்துக்கு எதிரே டீ வாங்கி வாயில் வைக்கும்போதுதான் போன் வந்தது. வக்கீல் தவமணி அம்மா போய்விட்டார். காலையில் கோர்ட்டுக்குக் கிளம்பியவர் வாசற்படியிலேயே சரிந்துவிட்டாராம், மாரடைப்பு. "படுத்துக் கிடக்காம போயிட்டாக, நல்ல சாவு" என்றார் பக்கத்தில் நின்றவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐம்பதைத் தாண்டிய கையோடு போவதில் என்னய்யா நல்ல சாவு? டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

அவரோடு ஒரே அறையில் தொழில் பார்த்தவன் நான். நம் வக்கீல்களில் அவரைத் தெரியாதவர் கிடையாது, அவரிடம் திட்டு வாங்காதவரும் கிடையாது. ஒரு வழக்கில் அரசு வக்கீல், "மனு பரிசீலனையில இருக்கு" என்று மூன்றாவது வாய்தாவிலும் சொன்னார். "பரிசீலனை என்ன ஊறுகாயா, ஊறப் போட்டு வைக்க?" என்று கேட்டுவிட்டார் தவமணி. நீதிபதி கேஸ் கட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டார், சிரிப்பை மறைக்க.

அந்தத் தவமணியைத் தரையில் உட்கார வைத்தது சீனியம்மாள் வழக்கு. ஆனைக்குட்டம் பக்கம், பட்டாசுக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்களின் காலனி. வண்டி வரக்கூடிய ஒரே பாதையை மறித்துத் தோட்டக்காரர் ஒருவர் சுவர் எழுப்பிவிட்டார். காலனியில் குடியிருந்த சீனியம்மாள் பெயரில் தவமணி வழக்குப் போட்டார். மதுரைக்கு உயர் நீதிமன்றக் கிளை வந்த புதிது. சுவரை இடித்துப் பாதையைத் திறக்கச் சொல்லி அதிகாரிகளுக்கு உத்தரவானது. காலனியே இருக்கன்குடி கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வந்தது. சுவர் மட்டும் நின்றது. கேட்டால் சர்வேயர் லீவு என்றார்கள். சர்வேயர் வந்தபின் போலீஸ் பந்தோபஸ்து இல்லை என்றார்கள்.

"கோர்ட்டு அவமதிப்பு வழக்குப் போடணும், கையெழுத்துப் போட வாங்க" என்று தவமணி ஆள் மேல் ஆள் விட்டார். சீனியம்மாள் வரவில்லை. தீபாவளி சீசன், லோடு ஏற்றுகிற நேரம், முடிந்ததும் வருவார் என்று நினைத்துக்கொண்டார். சீசன் முடிந்தும் காணோம். கடைசியில் தவமணியே நேரே போய் நின்றார்.

சீனியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். "வக்கீலம்மா, கோர்ட்டு எங்களுக்கு நல்லதுதானே செஞ்சிச்சு? அதைப் போயி அவமதிக்கச் சொல்றீகளே! அந்தப் பாவத்தை நாங்க செய்ய மாட்டோம்."

கோர்ட்டை அவமதித்தது நீங்கள் இல்லை, உத்தரவைக் கிடப்பில் போட்ட அதிகாரி என்று தவமணி விளக்கிச் சொன்னதும் அங்கேயே கையெழுத்துப் போட்டார். ஆனால் கெடு தாண்டிவிட்டது. உத்தரவை மீறிய ஓராண்டுக்குள் வழக்குப் போட வேண்டும், தாண்டினால் கோர்ட்டே அந்த நடவடிக்கையை எடுக்கக் கூடாது என்று நாடாளுமன்றம் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது. "சுவர் இன்றைக்கும் நிற்கிறது, அப்படியானால் மீறலும் இன்றைக்கும்தானே நடக்கிறது?" என்று வாதாடிப் பார்த்தார். எடுபடவில்லை. உத்தரவு செல்லும், மீறியவர்களைத் தண்டிக்க முடியாது. அதிகாரிகள் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்து ஜெயித்துவிட்டார்கள்.

அடுத்த சீசனில் சீனியம்மாள் வீட்டில் காயப்போட்டிருந்த பட்டாசுத் திரி பற்றிக்கொண்டது. தீயணைப்பு வண்டி வந்து சுவருக்கு அந்தப் பக்கம் நின்றது. குழாய் எட்டவில்லை. வண்டி ஓடையைச் சுற்றி வருவதற்குள் மருமகள் ராக்காயி கருகிப் போனாள்.

நாங்கள் போனபோது சீனியம்மாள், "நாந்தான் கெடுத்தேன் தாயி, கூப்பிட்டப்பவே வந்திருக்கணும்" என்று மாரில் அடித்துக்கொண்டார். தவமணி அந்தக் கரியிலேயே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்புகையில் பஸ்ஸில்தான் வாயைத் திறந்தார். "தமிழ்லதானே சொன்னோம்னு இருந்துட்டேன் அண்ணாச்சி. அவமதிப்பு வழக்குன்னா யாரு யாரை அவமதிச்சான்னு அதுல எங்கன இருக்கு? அந்தப் பிள்ளை உசுரு போயிருச்சே." அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு வழக்கோடு வந்த கட்சிக்காரர்களிடம் 'அவமதிப்பு' என்ற வார்த்தையை அவர் சொன்னதே இல்லை. "கோர்ட்டு சொன்னதைச் செய்யாத ஆபீசர் மேல கேசு" என்பார். நம்மில் சிலர் அதைக் கேட்டுச் சிரித்ததும் உண்டு. சிரித்தவர்களுக்கு ராக்காயியைத் தெரியாது.

துக்க வீட்டுக்குச் சீனியம்மாள் வந்திருந்தார். அவராகவே சொன்னார்: "வக்கீலம்மா போயிட்டாக. சுவரு அங்கனயேதான் நிக்குது அண்ணாச்சி."

தவமணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு பழக்கம். அரசாங்கத்தின் மேல் ஜெயித்துத் தீர்ப்போடு கும்பிட்டுக் கிளம்புகிறவரை நான் போகவிடுவதில்லை. "இதை அவுக செய்யலேன்னா யாரு குத்தவாளி? உங்க வாயால சொல்லுங்க" என்கிறேன். "ஆபீசரு" என்று வரும்வரை விடுவதில்லை. பாதிப் பேர் முதலில், "நாங்கதான்" என்கிறார்கள்.